என்னைத் தவிர யாரும் தொடக்கூடாது

பிப்ரவரி 3

அன்புள்ள அண்ணிக்கு,

நான்கு வருடம் கழித்து எழுதுகிறேன். போன மாதத்தில் மட்டும் ஆறு முறை போன் செய்தேன். ஆறு முறையும் மணி அடித்து ஓய்ந்ததே தவிர நீங்கள் எடுக்கவில்லை. அதனால்தான் இந்தக் கடிதம்.

சுற்றி வளைக்காமல் விஷயத்துக்கு வருகிறேன். ஆஸ்பத்திரிக் கழிவைக் குறைப்பதற்குத் தலைமை அலுவலகத்தில் ஒரு திட்டம் போட்டிருக்கிறார்கள். கொள்முதல் பிரிவிலிருந்து அதற்கு என்னைப் பொறுப்பாக நியமித்திருக்கிறார்கள். முதல் வேலையாகப் பெண்கள் பரிசோதனை அறையை எடுத்திருக்கிறேன். ஒருமுறை பயன்படுத்தித் தூக்கிப்போடும் பிளாஸ்டிக் ஸ்பெகுலத்தை நிறுத்திவிட்டு, கழுவிக் கொதிக்கவைத்துத் திரும்பப் பயன்படுத்தும் ஸ்டீலுக்கே போகலாம் என்பது என் யோசனை. கர்ப்பப்பை வாயைப் பார்ப்பதற்காக டாக்டர் உள்ளே வைத்து விரிக்கிற அந்தக் கருவியைப் பற்றி உங்களுக்கு நான் பாடம் எடுக்க வேண்டியதில்லை. பதினாறு வருடம் அந்த அறையை நடத்தியவர் நீங்கள்.

பழைய இரும்புக்குப் போட்ட சாமான்களின் பட்டியலைப் பார்த்தேன். உங்கள் அறையின் ஸ்டீல் ஸ்பெகுலம் நூற்றெண்பதும் அதில் இல்லை. நீங்கள்தான் எங்கேயோ பத்திரமாக வைத்திருக்கிறீர்கள் என்று நினைக்கிறேன். அவை கிடைத்தால் உங்கள் ஆஸ்பத்திரியிலிருந்தே திட்டத்தைத் தொடங்கிவிடலாம். உங்களைப் பழைய ஃபைல் அறையிலிருந்து எடுத்து மறுபடியும் பரிசோதனை அறைக்கே பொறுப்பாகப் போட நான் எழுதுகிறேன். மார்ச் 5 அன்று அங்கே கூட்டம். அதற்குள் பதில் போடுங்கள்.

நடந்தது நடந்துவிட்டது. வேலை என்று வரும்போது அதையெல்லாம் ஒதுக்கி வைக்கலாம் என்று நினைக்கிறேன்.

இப்படிக்கு,
உங்கள் நாத்தனார்


பிப்ரவரி 9

தலைமை அலுவலக அம்மாவுக்கு,

முதலில், என்னை அண்ணி என்று எழுதாதே. உன் அண்ணன் பெட்டியைத் தூக்கிக்கொண்டு இன்னொருத்தி வீட்டுக்குப் போன அன்றே அந்த உறவும் படியிறங்கிவிட்டது. இரண்டாவது, போன் செய்யாதே. போனில் பேசினால் நாளைக்கு, "நான் அப்படிச் சொல்லவே இல்லையே" என்று பல்லைக் காட்டுவாய். எழுது. எழுதியதை ஃபைலில் குத்தி வைப்பேன். நீ என்னை உட்காரவைத்த இடத்தில் நான் கற்றுக்கொண்ட ஒரே வித்தை அதுதான்.

உன் கடிதத்தை இரண்டு முறை படித்தேன். முதல் முறை சிரிப்பு வந்தது. இரண்டாவது முறை வயிறு எரிந்தது. நான்கு வருடத்துக்கு முன்னால் இதே கையால்தானே எழுதினாய், "ஸ்டீல் கருவி நோயாளிகளுக்குப் பயத்தையும் வலியையும் தருகிறது, பிளாஸ்டிக்கே உகந்தது" என்று? அந்த ஒரு அறிக்கையால் என் அறையைப் பிடுங்கினார்கள். கருவி கழுவும் அறைக்குப் பூட்டு போட்டார்கள். அதில் வேலை பார்த்த மூன்று பெண்களை ஒரே வாரத்தில் வீட்டுக்கு அனுப்பினார்கள். இப்போது நீயே பூமியைக் காப்பாற்ற ஸ்டீலைத் தேடிக்கொண்டு வருகிறாய். எறிந்ததும் நீ, பொறுக்க வருவதும் நீ, நடுவில் கைத்தட்டலும் உனக்கா?

உன் பிளாஸ்டிக்கின் லட்சணத்தையும் கேட்டுக்கொள். ஒரு நாளைக்கு அறுபது. நான்கு வருடத்தில் எழுபதாயிரத்துக்குக் குறையாது. அத்தனையும் ஆஸ்பத்திரிக்குப் பின்னாலிருக்கும் உலையில் எரிகிறது. அந்தப் புகை நர்ஸ்கள் குடியிருப்பில் காயும் துணி வரைக்கும் வருகிறது. சரி, நோயாளிக்காவது சுகமா? ஆர்டர் போடச் சுலபம் என்று நடுத்தர அளவு மட்டும் வாங்கிப் போட்டாய். மாதவிலக்கு நின்ற வயதான அம்மாவுக்கும் அதே, கல்யாணமான புதுப்பெண்ணுக்கும் அதே. அதன் ஓரம் கிள்ளும். திருகாணிக்குப் பதில் பல் வைத்திருக்கிறார்கள், விரிக்கும்போது 'கட் கட்' என்று சத்தம் போடும். உள்ளே ஏதோ உடைந்துவிட்டது என்று நினைத்து எத்தனை பேர் எழுந்து உட்கார்ந்திருக்கிறார்கள் தெரியுமா?

ஸ்டீல் என்னிடம்தான் இருக்கிறது. சின்னது, நடுத்தரம், பெரியது என்று பிரித்து, துணியில் சுற்றி, ஃபைல் அலமாரிக்குப் பின்னால் வைத்திருக்கிறேன். இன்னொன்றும் இருக்கிறது. ஸ்டீலையும் பிளாஸ்டிக்கையும் ஒப்பிட்டு நீ நடத்திய எந்தச் சோதனையை வைத்து அந்த அறிக்கையை எழுதினாயோ, அந்தச் சோதனையில் பெண்கள் கைப்பட எழுதிக்கொடுத்த கருத்துத் தாள்கள். என்னை ஃபைல் அறைக்கு அனுப்பினால் புழுங்கிச் சாவேன் என்று நினைத்தாய். நீயே என்னை ஆதாரத்தின் பக்கத்தில் நாற்காலி போட்டு உட்காரவைத்திருக்கிறாய் என்பது உனக்கு உறைக்கவில்லை.

தாள்களை நாள்வாரியாகப் பிரித்தேன். ஸ்டீல் பயன்படுத்தியது ஆறு நாள். முதல் இரண்டு நாளில் ஒருத்திகூடக் குறை எழுதவில்லை. மற்ற நான்கு நாளும், தாள் எழுதிய நாற்பத்தொரு பேரும், ஒரே பாட்டு. "ஐஸ் மாதிரி இருந்தது." "உடம்பு தூக்கிப் போட்டது." "இனி வரமாட்டேன்." இதற்கு ஒரே அர்த்தம்தான். கருவிகளை வெதுவெதுப்பாக வைத்திருக்கும் சூட்டுப் பெட்டியை அந்த நான்கு நாளும் யாரோ அணைத்து வைத்திருக்கிறார்கள். அந்த நான்கு நாளும் கையில் பேடும் பேனாவுமாக என் அறை மூலையில் உட்கார்ந்திருந்தது யார்? நீ.

மார்ச் 5 கூட்டத்துக்கு நானும் வருகிறேன். எல்லார் முன்னாலும் தாள்களை மேஜைமேல் பரப்பப் போகிறேன். நான்கு வருடமாகக் காத்திருந்தது இந்த ஒரு நாளுக்குத்தான்.

ஃபைல் அறைப் பொறுப்பாளர்


பிப்ரவரி 13

மதிப்பிற்குரிய சிஸ்டர் அவர்களுக்கு,

அண்ணி என்று அழைக்கக்கூடாது என்றீர்கள். ஆஸ்பத்திரி வழக்கப்படி அழைத்திருக்கிறேன், இதிலாவது குறை இருக்காது.

சூட்டுப் பெட்டி அந்த நான்கு நாளும் அணைந்திருந்தது உண்மை. அணைத்தது நான் இல்லை. சொல்லப்போனால் யாருமே அணைக்கவில்லை. அதைப் போட வேண்டியவர் போடவில்லை, அவ்வளவுதான்.

அந்தப் பெட்டியின் சுவிட்ச்மேல் ஒரு வெள்ளை பிளாஸ்திரி ஒட்டியிருந்ததே, ஞாபகம் இருக்கிறதா? "என்னைத் தவிர யாரும் தொடக்கூடாது" என்று கொட்டை எழுத்தில் யாருடைய கையெழுத்து அது? காலையில் ஏழரைக்கு நீங்கள்தான் போடுவீர்கள், மத்தியானம் நீங்கள்தான் அணைப்பீர்கள். ஒருமுறை புது டாக்டர் தெரியாமல் தொட்டுவிட்டு உங்களிடம் வாங்கிக் கட்டிக்கொண்ட கதை ஆஸ்பத்திரி முழுக்கத் தெரியும்.

அந்த வாரம் செவ்வாய்க்கிழமை காலையில்தான் அண்ணன் விஷயம் உங்களுக்குத் தெரிந்தது. அதிலிருந்து வெள்ளிக்கிழமை வரை நீங்கள் வேலைக்கு வந்தீர்கள், நின்றீர்கள், போனீர்கள். சுவிட்ச் பக்கம் போகவே இல்லை. சூட்டுப் பதிவேட்டில் மட்டும் நான்கு நாளும் "37" என்று எழுதிக் கையெழுத்துப் போட்டிருக்கிறீர்கள். அந்தப் பக்கத்தின் நகல் என்னிடம் இருக்கிறது.

நம்பிக்கை இல்லையென்றால் கருவி கழுவிய சோடாபுட்டியைக் கேளுங்கள். அந்தக் கண்ணாடிக்குப் பின்னாலிருந்து அவள் எல்லாவற்றையும் பார்த்துக்கொண்டுதான் இருந்தாள்.

நீங்கள் தாள்களைப் பரப்பினால் நான் பதிவேட்டைப் பக்கத்தில் வைப்பேன். ஓய்வு பெற இன்னும் மூன்று வருடம் இருக்கிறது உங்களுக்கு. யோசித்துச் செய்யுங்கள்.

தங்கள் உண்மையுள்ள,
திட்டப் பொறுப்பாளர், கொள்முதல் பிரிவு


பிப்ரவரி 16

பொய்க்காரி,

உன் அண்ணனோடு கூடப் பிறந்தவள்தானே, வேறு எப்படி இருப்பாய்! பதினாறு வருடத்தில் ஒருநாள், ஒரே ஒருநாள் அந்தப் பெட்டியைப் போட மறந்தவள் இல்லை நான். காய்ச்சலோடு வந்த அன்றும் போட்டேன். உன் நகலை நீயே வைத்துக்கொள். கூட்டத்தில் பார்ப்போம்.


பிப்ரவரி 27

உனக்கு,

சோடாபுட்டியைப் போய்ப் பார்த்தேன். இப்போது ஒரு சலவைக் கடையில் தேய்ப்பு மேஜையில் நிற்கிறாள். என்னைக் கண்டதும் இஸ்திரிப் பெட்டியை நிமிர்த்தி வைத்துவிட்டு உட்கார ஸ்டூல் தேடினாள். "நீ பொய் சொல்லமாட்டே, அதனாலதான் வந்தேன். அந்த நாலு நாள் பெட்டி போட்டிருந்துச்சா இல்லையா?" என்று கேட்டேன். அவள் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தாள். துடைத்துக்கொண்டே இருந்தாள்.

"இல்ல சிஸ்டர். போடலை."

"ஏண்டி என்கிட்ட சொல்லலை?"

"நீங்கதானே யாரும் கிட்டயே போகக்கூடாதுன்னு சொல்லியிருந்தீங்க. முதல் நாள் சொல்லலாம்னுதான் வந்தேன். உங்க மூஞ்சியப் பாத்தேன். ஏதோ காரணமாத்தான் போடாம இருக்கீங்கன்னு நெனச்சுக்கிட்டோம். ரெண்டாம் நாளு, இவ்வளவு நேரம் சொல்லாம இப்ப சொன்னா திட்டுவீங்களோன்னு பயம். அப்புறம் அப்படியே போயிடுச்சு."

வீட்டுக்கு நடந்தே வந்தேன். அந்தச் செவ்வாய்க்கிழமையை ஒவ்வொரு நிமிடமாக நினைத்துப் பார்த்தேன். காலையில் உன் அண்ணனின் சட்டைகளுக்கு அடியில் இருந்த வாடகை ஒப்பந்தம் ஞாபகம் இருக்கிறது. அதில் இரண்டு பெயர் இருந்தது ஞாபகம் இருக்கிறது. பஸ்ஸில் ஜன்னலோரம் இடம் கிடைத்தது ஞாபகம் இருக்கிறது. அதற்குப் பிறகு வெள்ளிக்கிழமை சாயங்காலம் வரைக்கும் ஒன்றுமே இல்லை. கைகள் தானாக வேலை செய்திருக்கின்றன. கருவியை எடுத்ததும் என் மணிக்கட்டில் வைத்துச் சூடு பார்ப்பேனே, அதைக்கூடச் செய்யவில்லை போலிருக்கிறது. செய்திருந்தால் தெரிந்திருக்கும். நாற்பத்தொரு பெண்கள். ஒருத்தி துடித்ததுகூட எனக்குத் தெரியவில்லை.

சரி. தப்பு என்னுடையது. எழுதிக் கையெழுத்துப் போட்டதும் நான்தான். இதை எழுத எனக்குப் பதினொரு நாள் ஆகியிருக்கிறது, அதை நீ எண்ணிப் பார்த்துச் சந்தோஷப்பட்டுக்கொள்.

ஆனால் நீ தப்பித்தாய் என்று மட்டும் நினைக்காதே. நான் பார்க்கவில்லை. நீ பார்த்தாய். மூலையில் உட்கார்ந்து, முதல் நாளே பார்த்துவிட்டு, ஒரு பெண் கதறி எழுந்ததையும் பார்த்துவிட்டு, பேடில் குறித்துக்கொண்டாய். "சிஸ்டர், பெட்டி போடலை" என்று மூன்று வார்த்தை சொல்ல உன் வாயில் என்ன கொழுக்கட்டையா இருந்தது? என் வீட்டில் எட்டு மாதம் சாப்பிட்டுக்கொண்டே உன் அண்ணன் விஷயத்தை மறைத்தாயே, அந்தப் பழக்கம் வேலையிலும் வந்துவிட்டதா?

எழுது. ஏன் சொல்லவில்லை?


மார்ச் 1

அண்ணிக்கு,

அண்ணி என்றுதான் எழுதுவேன். பிடிக்கவில்லையென்றால் அடித்துவிட்டுப் படியுங்கள்.

ஏன் சொல்லவில்லை என்று கேட்டீர்கள். அந்த நான்கு நாளும் நான் சொல்லாததற்குக் காரணம் பயம். அண்ணன் விஷயம் எனக்கு முன்பே தெரியும் என்பது உங்களுக்குத் தெரிந்துவிட்டதா என்று ஒவ்வொரு நிமிடமும் உங்கள் முகத்தைப் பார்த்துக்கொண்டிருந்தேன். பெட்டியைப் பற்றிப் பேச வாயைத் திறந்தால் அந்தப் பேச்சும் சேர்ந்து வந்துவிடும் என்று நினைத்தேன். அது கோழைத்தனம். ஒத்துக்கொள்கிறேன்.

ஆனால் அறிக்கை எழுதும்போது அந்த நான்கு நாளையும் நான் நீக்கியிருக்கலாம். நீக்கத்தான் நினைத்தேன். "சூட்டுப் பெட்டி இயங்காததால் இந்நாட்கள் கணக்கில் கொள்ளப்படவில்லை" என்று ஒரு வரி எழுதி வைத்திருந்தேன். அப்போதுதான் நீங்கள் எனக்கு நிச்சயம் செய்திருந்த மாப்பிள்ளை வீட்டுக்குக் கடிதம் போட்டீர்கள். "சாப்பிட்ட வீட்டுக்கே குழி பறிப்பவள், உங்கள் வீட்டில் என்ன செய்வாளோ" என்று. கல்யாணத்துக்குப் பத்தொன்பது நாள் இருந்தது. பத்திரிகை கொடுத்த வீடுகளுக்கெல்லாம் நான்தான் போன் செய்து கல்யாணம் நின்றுவிட்டது என்று சொன்னேன். எல்லாரும் ஏன் என்று கேட்டார்கள். மாப்பிள்ளை மட்டும் ஒரு தடவைகூட என்னை எதுவும் கேட்கவில்லை, அதுதான் இன்றைக்கும் ஆறவில்லை.

அன்று மத்தியானம் அந்த ஒரு வரியை அழித்தேன். உங்களிடமிருந்து எதைப் பிடுங்கினால் உங்களுக்கு வலிக்கும் என்று எனக்கு நன்றாகத் தெரியும். அந்த அறை. பிடுங்கினேன். உங்களை ஃபைல் அறைக்கு மாற்றிய உத்தரவு என் மேஜைக்கு வந்தபோது ஒரு டீ சொல்லி நிதானமாகக் குடித்தேன். பொய் சொல்லமாட்டேன், நன்றாகத்தான் இருந்தது.

இப்போது கணக்கு நேராகிவிட்டது இல்லையா? உங்களிடம் தாள், என்னிடம் பதிவேடு. இரண்டையும் கிழித்துப் போட்டுவிடுவோம். உங்களுக்கு உங்கள் அறை கிடைக்கும், எனக்குத் திட்டம் நிற்கும், பெண்களுக்கு ஸ்டீல் வரும், மூன்று அளவிலும் வரும். கழுவும் பெண்கள் மூவரையும் திரும்ப எடுக்கவும் எழுதிவிட்டேன். இதில் யாருக்கு என்ன குறை? கூட்டத்தில் வாயைத் திறக்காமல் இருங்கள். அது போதும்.

நாத்தனார்


மார்ச் 8

நாத்தனாருக்கு,

கூட்டத்தில் நீ என்னை ஒருமுறைதான் பார்த்தாய். அதற்குப் பிறகு தலையைத் தூக்கவே இல்லை. நான் சொன்னதெல்லாம் உனக்குச் சரியாகக் கேட்டதா என்று தெரியவில்லை, அதனால் எழுத்திலும் இருக்கட்டும்.

யாருக்கு என்ன குறை என்று கேட்டாயே, அதற்குப் பதில் தேடித்தான் அந்த நாற்பத்தொரு பேரின் ஃபைல்களையும் எடுத்தேன். அதில் பதினொரு பேரை ஆறு மாதத்தில் மறுபரிசோதனைக்கு வரச் சொல்லி டாக்டர் எழுதியிருக்கிறார். கர்ப்பப்பை வாய் செல்களில் மாற்றம் தெரிகிறது, தள்ளிப்போடக்கூடாது என்று. நான்கு பேர் வந்தார்கள். ஏழு பேர் வரவே இல்லை. மற்ற மாதங்களின் ஃபைல்களையும் புரட்டினேன். பதினொரு பேரில் ஒருத்தி, மிஞ்சினால் இரண்டு பேர் வராமல் போவார்கள். ஏழு பேர் எந்த மாதத்திலும் இல்லை.

"இனி வரமாட்டேன்" என்று அவர்கள் தாளில் எழுதியது உண்மையாகவே வரமாட்டோம் என்பதற்குத்தான். நீயும் படித்தாய். நானும் படித்தேன். நீ அதை என் அறையை மூட எடுத்துக்கொண்டாய். நான் அதை உன்னை ஒழிக்க எடுத்துக்கொண்டேன். இந்த ஏழு பேர் எங்கே என்று நான்கு வருடத்தில் நம் இரண்டு பேருக்கும் கேட்கத் தோன்றவில்லை.

அதனால்தான் தாள்களோடு பதிவேட்டையும் சேர்த்தே பெரிய டாக்டர் முன்னால் வைத்தேன். உன் நகலுக்கு வேலை வைக்கவில்லை. அசலையே கொண்டுபோனேன். "37 என்று பார்க்காமலே எழுதினேன்" என்று என் கையெழுத்தைக் காட்டினேன். "பார்த்துவிட்டு இவள் மறைத்தாள்" என்று உன் கடிதத்தையும் காட்டினேன். பெரிய டாக்டர் மூக்குக்கண்ணாடியைக் கழற்றி மேஜையில் வைத்துவிட்டு, "ரெண்டு பேரும் ஒரே குடும்பமா?" என்றார். ஆமாம் என்றேன். தாள்களையும் பதிவேட்டையும் தன் பக்கம் இழுத்துக்கொண்டார்.

திட்டத்திலிருந்து உன் பெயரை எடுத்துவிட்டார்கள் என்று கேள்விப்பட்டேன். பாராட்டு மேடையில் இன்னொருத்தர் நிற்பார். எனக்கு எழுத்து மூலம் எச்சரிக்கை, ஆறு மாதம் வேறொருவர் மேற்பார்வை. ஸ்டீலைக் கையாளத் தெரிந்த ஆள் வேறு யாரும் இல்லாததால் அறையை மட்டும் கொடுத்திருக்கிறார்கள். நீ நன்றாக அனுபவித்துக் குடித்த டீக்கு இது சரியாகப் போயிற்று என்று நினைக்காதே. இன்னும் இருக்கிறது.

இதோடு நான்கு முகவரி வைத்திருக்கிறேன். மூன்று என்னிடம். லீவு போட்டுவிட்டு வா. ஒவ்வொரு வீடாகப் போய்க் கதவைத் தட்டு. தபாலில் சீட்டு அனுப்பிவிட்டு உட்காரக்கூடாது, போனும் கூடாது. "அன்னிக்கு ஓரமா உக்காந்து எழுதிக்கிட்டு இருந்தேனே, அந்தப் பொண்ணு நான்தான்" என்று சொல்லிவிட்டு, பரிசோதனைக்குக் கூப்பிடு. திட்டினால் வாங்கிக்கொள். நான் உனக்குக் கொடுக்க நினைத்த தண்டனை வேறு. இதைவிட நல்லது எனக்குக் கிடைக்கவில்லை.

வரமாட்டேன் என்றால் அந்த நான்கு வீட்டுக்கும் நானே போவேன். போய் உன் பெயரைச் சொல்லுவேன்.


மார்ச் 19

நாத்தனாருக்கு,

உன்னிடமிருந்து பதில் இல்லை. வந்தாயா, வரவில்லையா என்றும் தெரியவில்லை. என் மூன்று வீடும் முடிந்தது.

முதல் வீட்டுக்காரி இரண்டு வருடத்துக்கு முன்பே வேறு இடத்தில் பார்த்துக்கொண்டாளாம், எல்லாம் நன்றாக இருக்கிறது. என் முன்னாலேயே கதவைச் சாத்தினாள். மூன்றாவது வீட்டுக்காரி அடுத்த வாரம் வருவதாகச் சொல்லியிருக்கிறாள்.

இரண்டாவது வீட்டில் அவள் படுத்திருந்தாள். போன வருடம் வேறு ஆஸ்பத்திரியில் கண்டுபிடித்திருக்கிறார்கள். கர்ப்பப்பை வாயில்தான். தாமதம் என்று சொல்லியிருக்கிறார்கள். மருந்து ஏற்றி முடி கொட்டியிருந்தது. அவள் வீட்டுக்காரர் எனக்குத் தண்ணீர் கொண்டுவந்து கொடுத்தார். எதற்கு வந்தேன் என்று தெரிந்திருந்தால் கொடுத்திருப்பாரா என்று தெரியவில்லை. பிறகு சொன்னேன். ஒன்றுவிடாமல் சொன்னேன். பெட்டி, சுவிட்ச், 37, எல்லாம்.

அவர் எழுந்து வெளியே போய்விட்டார். அவள் என் முகத்தைப் பார்த்துச் சொன்னாள், "சில்லுனு இருந்ததைக்கூட தாங்கிக்கிட்டேன் சிஸ்டர். நீங்க ஒரு வார்த்தை பேசலை. என் மூஞ்சியையே பாக்கலை. கால விரின்னு கையால தட்டினீங்க. எனக்கு ஏதோ அசிங்கமான வியாதி, அதான் இந்தம்மா இப்படி இருக்காங்கன்னு நெனச்சுக்கிட்டேன். அதுக்கப்புறம் எந்த ஆஸ்பத்திரிப் படியும் ஏறப் பிடிக்கலை."

ஸ்டீலா பிளாஸ்டிக்கா என்று நானும் நீயும் நான்கு வருடம் அடித்துக்கொண்டோம். அவள் அதைப் பற்றி ஒரு வார்த்தை பேசவில்லை.

உன்மேல் எனக்கிருந்த கோபம் குறைந்ததா என்று கேட்டால், இல்லை. ஆனால் இப்போது அதை எடுத்துப் பார்க்கும்போதெல்லாம் அவள் முகமும் கூட வருகிறது. முன்பு போல ருசிக்கவில்லை.


மார்ச் 31

அண்ணிக்கு,

வந்தேன். உங்களிடம் சொல்லாமலே வந்தேன், ஐந்து நாள் லாட்ஜில் தங்கினேன், நான்கு வீட்டுக்கும் போனேன். நீங்கள் மிரட்டியதற்காக வரவில்லை என்று சொல்ல ஆசை. மிரட்டியதற்காகத்தான் வந்தேன். உங்கள் இரண்டாவது வீட்டைப் பற்றித் தெரிந்தது நான் இங்கே வந்த மூன்றாவது நாள். அலுவலகத்துத் தோழி கடிதத்தைப் போனில் படித்துக் காட்டினாள். அன்று அடுத்த கதவைத் தட்ட எனக்குக் கை வரவில்லை. மறுநாள்தான் தட்டினேன்.

முதல் வீடு காலி. எங்கே போனார்கள் என்று பக்கத்து வீட்டில் விசாரித்து, தொலைதூரத்தில் இருக்கும் அவள் மகளோடு பேசி, அங்கேயே பார்த்துக்கொள்ளும்படி சொல்லியிருக்கிறேன். இரண்டாவது, ஒரு டெய்லர். பத்து நிமிடம் திட்டினாள். தையல் மெஷினை நிறுத்தாமலே திட்டினாள். பிறகு தேதி கேட்டு வாங்கிக்கொண்டாள். மூன்றாவது பெண் ஏற்கெனவே நம் ஆஸ்பத்திரிக்கே வந்துவிட்டுப் போயிருக்கிறாளாம், வேறு பெயரில் சீட்டு போட்டுக்கொண்டு. பிரச்சினை இல்லையாம்.

நான்காவது, ஒரு பள்ளிக்கூட ஆயா. ஆறு மாதமாக அவ்வப்போது ரத்தம் படுகிறது என்று என்னிடம் சொன்னாள். வேறு யாரிடமும் சொன்னதில்லையாம். உடனே பார்க்க வேண்டும். நான் ஒன்றரை மணி நேரம் வாசற்படியில் உட்கார்ந்து பேசினேன். வேறு ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப்போகிறேன் என்றும் சொன்னேன். அது தூரம், இரண்டு பஸ் மாற வேண்டும், வேலையை விட்டுவிட்டு அவ்வளவு நேரம் முடியாது என்றாள். கடைசியில் நம் ஆஸ்பத்திரிக்கே வர ஒத்துக்கொண்டாள். ஒரு நிபந்தனை. அவள் சொன்னதை அப்படியே எழுதுகிறேன்:

"அந்த சிஸ்டர் அங்க இருந்தா நான் வரமாட்டேன். அந்தம்மா கை என்மேல படக்கூடாது. அந்த இரும்பும் வேண்டாம்."

இதை உங்களிடமிருந்து மறைக்கலாமா என்று நினைத்தேன். மறைத்தால் என்ன ஆகும் என்று நமக்குத் தெரியும். அதனால் எழுதுகிறேன். எழுதும்போது ஒரு ஓரத்தில் எனக்கு இனிப்பாகவும் இருந்தது, அதையும் மறைக்கவில்லை. என்னைக் கேட்டால் நீங்கள் அவளை நேரில் பார்த்து மன்னிப்புக் கேட்டால் மனம் மாறலாம். சனிக்கிழமை காலை மட்டும்தான் அவளால் வர முடியும். என்ன செய்வது, சொல்லுங்கள்.


ஏப்ரல் 3

நாத்தனாருக்கு,

நான் அவளைப் பார்க்க வரமாட்டேன். மன்னிப்புக் கேட்டால் என் மனம் ஆறும். அவளுக்கு அதனால் ஆகப்போவது ஒன்றுமில்லை. பயந்துகொண்டு சனிக்கிழமையும் வராமல் போய்விடுவாள்.

நேற்று முழுக்க இந்தக் கடிதத்தை எழுதாமல் இருந்தேன். நான்கு வருடம் அந்த ஒரு அறைக்காக ஏங்கியிருக்கிறேன். திரும்பி வந்து இன்னும் ஒரு மாதம் ஆகவில்லை. அதற்குள் "வெளியே இரு" என்று ஒருத்தி சொல்கிறாள், அதையும் நீ கொண்டுவந்து கொடுக்கிறாய். நீ திட்டம் போட்டு அடித்திருந்தால்கூட இப்படிச் சரியான இடத்தில் பட்டிருக்காது.

சனிக்கிழமை நான் லீவு எழுதிக் கொடுத்துவிட்டேன். புதிதாக வந்த நர்ஸ் இருப்பாள், பொறுமையான பெண், நோயாளியின் முகத்தைப் பார்த்துப் பேசுகிறவள். அவளிடம் எல்லாம் சொல்லி வைத்திருக்கிறேன். எந்தக் கருவி வேண்டும் என்று ஆயாவையே கேட்கச் சொல்லியிருக்கிறேன். பிளாஸ்டிக்தான் என்றால் பிளாஸ்டிக்கே எடுக்கட்டும். ஸ்டோரில் சின்ன அளவு இல்லை என்பதால் வெளியிலிருந்து வாங்கி வைத்திருக்கிறேன். ஒரு பெட்டி. என் கையாலேயே வாங்கினேன், யாரிடமும் சொல்லாதே.

காலையில் ஒன்பதுக்கு முதல் சீட்டு அவளுக்கு. பின்பக்க வாசல் வழியாகக் கூட்டி வா, வரிசையில் காத்திருந்தால் மனம் மாறிவிடும். டாக்டர் பார்த்து முடிக்கும்வரை அவள் தலைமாட்டில் நீ நில். கையில் பேடும் பேனாவும் வேண்டாம். அவள் முகம் சுளித்தால் வாயைத் திறந்து "நிறுத்துங்க" என்று சொல்.

உன்னை நான் மன்னிக்கவில்லை. நீயும் என்னை மன்னிக்க வேண்டாம். போனை எடுக்காதவள் என்று சொல்வாயே, சனிக்கிழமை பத்து மணியிலிருந்து போனைப் பக்கத்திலேயே வைத்திருப்பேன். அவள் வந்தாளா என்று மட்டும் சொல்.

அண்ணி